‘பத்தாவது எங்கே எழுதுவான்?’ - மாற்றுப் பள்ளிகளை விடாமல் துரத்தும் ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாலை. காரைக்கால் கடற்கரை. அரசலாறு கடலைத் தொடும் இடத்தில் பிள்ளைகள் மணலில் புரள்கிறார்கள். பெரியவர்கள் சுண்டல் பொட்டலத்துடன் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். ‘எங்க பொண்ணு ஸ்கூல் பேரைச் சொன்னாலே அழுவுறா’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். ‘மார்க் இல்லாம, அடி இல்லாம, மரத்தடியில சொல்லித் தர்ற பள்ளிக்கூடமெல்லாம் இருக்காமே’ என்பார் இன்னொருவர். எல்லோர் முகமும் ஒரு நிமிடம் மலரும். அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: ‘அதெல்லாம் சரிங்க. பத்தாவது எங்கே எழுதுவான்?’

அதோடு பேச்சு நின்றுவிடும்.

இந்தக் கேள்வியைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாற்றுப் பள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டிய மிக நேர்மையான கேள்வி இதுதான். சீருடை இல்லை, ரேங்க் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை என்று சொல்வது எளிது. பதினைந்து வயதுப் பிள்ளை கையில் எந்தக் காகிதத்தோடு வெளியே வரும் என்று சொல்வதில்தான் ஒரு பள்ளியின் உண்மையான கொள்கை தெரியும். அந்தக் கேள்விக்கு நம் பக்கத்துப் பள்ளிகளும் உலகப் பள்ளிகளும் என்ன பதில் வைத்திருக்கின்றன? பார்ப்போம்.

வாஞ்சூர் தாண்டினால் வேறு பாடம்

முதலில் நம் ஊர் நிலவரம். புதுச்சேரி மாநிலத்துக்கு என்று சொந்தமாகக் கல்வி வாரியம் இல்லை. அதனால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகள் சி.பி.எஸ்.இ பாடத்திட்டத்துக்கு மாறின. 2025-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதினார்கள்.

இதன் பொருள் என்ன? வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூரில் படிக்கும் அத்தை மகன் ஒரு புத்தகம் படிக்கிறான். காரைக்காலில் இருக்கும் மாமன் மகள் இன்னொரு புத்தகம் படிக்கிறாள். நேற்றுவரை அக்காவின் பழைய புத்தகமும் நோட்ஸும் தங்கைக்கு உதவின. இன்று உதவாது. மாற்றத்தின் நடுவே சிக்கிய பிள்ளைகளில் சிலர் திணறுகிறார்கள். ‘வேற வழி இருக்கா?’ என்று பெற்றோர் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், கற்றல் குறைபாடு. எழுத்து தலைகீழாகத் தெரியும் பிள்ளை, பேசினால் அருமையாகப் பதில் சொல்லி எழுதும்போது தடுமாறும் பிள்ளை. இவர்களின் பெற்றோருக்கு ஒரு தகவல்: பள்ளியை மாற்றுவதற்கு முன், இருக்கும் வாரியத்திலேயே என்ன சலுகை உண்டு என்று கேளுங்கள். உரிய சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் கிடைக்கும். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. தமிழ்நாடு வாரியத்திலும் இதுபோன்ற சலுகைகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலேயே இதற்கான வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

இது இறக்குமதிச் சரக்கு அல்ல

மாற்றுப் பள்ளி என்றதும் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. காரைக்காலுக்கு வடக்கே, பூவம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டது எப்படித் தெரியுமா? உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே அழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான்.

அந்தத் திண்ணைப் பள்ளியில் வகுப்பறைகள் இல்லை. ஐந்து வயதும் பத்து வயதும் ஒன்றாக உட்கார்ந்தன. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. அவரவர் வேகத்தில் பாடம் நகர்ந்தது. இன்று மாற்றுப் பள்ளிகள் ‘பல வயதினர் ஒரே வகுப்பு’ என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தத் திண்ணையைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. அங்கே பிரம்பு இருந்தது. பெண் பிள்ளைகள் அநேகமாக இல்லை. திண்ணையில் ஏறவே அனுமதிக்கப்படாத சாதியினர் ஊரில் இருந்தார்கள். எந்தப் பள்ளியைப் பார்த்தாலும் ‘உள்ளே எப்படி?’ என்று கேட்பதோடு ‘உள்ளே யார்?’ என்றும் கேட்கத்தான் வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை சட்டமே துணை

6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 29-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பிள்ளை செயல்பாடுகள் மூலமாகவும் தானே தேடிக் கண்டுபிடித்தும் கற்க வேண்டும். முடிந்தவரை தாய்மொழியில் கற்க வேண்டும். பயமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும். ஏதோ மாற்றுப் பள்ளியின் விளம்பரத் தாள் மாதிரி இருக்கும். உண்மையில் இது நாட்டின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கான சட்டம். அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் 17-ம் பிரிவு தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையும் வாரியத் தேர்வு எழுதத் தேவையில்லை என்கிறது 30-ம் பிரிவு.

ஆக, ‘எங்கள் பள்ளியில் அடி கிடையாது’ என்று யாராவது சொன்னால் அதைச் சலுகையாக எண்ணி நன்றி சொல்லத் தேவையில்லை. அது உங்கள் பிள்ளையின் உரிமை.

அதே சட்டம் இன்னொரு பக்கமும் பேசுகிறது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், நூலகம் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் நியாயமான தேவைகள். ஆனால் 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாங்குகிற சொற்பக் கட்டணத்தில், ஒரு தோப்புக்குள் நடக்கும் பள்ளிக்கு இந்தப் பட்டியல் பெரிய பாரம். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய சின்னப் பள்ளிகள் பல, பாடத்தில் அல்ல, கட்டடத்தில் தோற்றிருக்கின்றன.

ஒன்பதில் வரும் சுவர்

சரி, எட்டு வரை எப்படியோ கடந்தாயிற்று. அடுத்து? உயர்நிலைப் பள்ளி என்றாலே ஒரு வாரியத்தோடு இணைய வேண்டும். அதற்கு நிலம், ஆய்வகம், பட்டம் பெற்ற பாட ஆசிரியர்கள் எல்லாம் வேண்டும். அதனால்தான் தொடக்க வகுப்புகளுக்கு மாற்றுப் பள்ளிகள் கொஞ்சமாவது இருக்கின்றன. சின்னதாக ஒரு மாற்று உயர்நிலைப் பள்ளியைப் பார்ப்பதுதான் அரிது. தமிழ் வாசகர்கள் கொண்டாடிய ‘டோட்டோ-சான்’ புத்தகத்தில் வரும் டோமோயி பள்ளி நினைவிருக்கிறதா? ரயில் பெட்டிகளில் வகுப்பு நடந்த அந்தப் பள்ளி கூட ஒரு தொடக்கப் பள்ளிதான். டோட்டோ-சான் பத்தாவது எங்கே எழுதினாள் என்ற கேள்வி அந்தப் புத்தகத்தில் வருவதே இல்லை.

அந்தச் சுவரைப் பள்ளிகள் நான்கு விதமாகக் கடக்கின்றன.

பதில் 1: சான்றிதழே வேண்டாம்

இந்தத் துணிச்சலான பதிலைச் சொன்ன பள்ளி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வந்து தங்கிய குடும்பங்களின் குழந்தைகளுக்காக, 1943 டிசம்பர் 2-ல் ஸ்ரீ அன்னை ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். 1952 ஜனவரியில் அது பல்கலைக்கழக மையமாக விரிந்தது. 1959 முதல் அதன் பெயர் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம்.

மழலையர் வகுப்பில் தொடங்கி கல்லூரிப் பருவம் வரை அங்கேயே படிக்கலாம். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் பயிற்று மொழி. கணிதத்தையும் அறிவியலையும் பிரெஞ்சில் கற்பிக்கிறார்கள். உடற்பயிற்சிக்குப் பாடத்துக்குச் சமமான இடம். மேல் வகுப்புகளில் எதைப் படிப்பது, எவ்வளவு ஆழமாகப் படிப்பது என்பதை மாணவர் ஆசிரியரோடு பேசி முடிவு செய்கிறார். ‘சுதந்திர முன்னேற்ற முறை’ என்று இதற்குப் பெயர். முடிக்கும்போது பட்டமோ டிப்ளமாவோ தருவதில்லை. அறிவுக்காகப் படி, காகிதத்துக்காகப் படிக்காதே என்பதுதான் கொள்கை.

பக்கத்தில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட அந்த நகரில் இதே சிந்தனையிலிருந்து பள்ளிகள் கிளைத்தன. ‘லாஸ்ட் ஸ்கூல்’ வெளித் தேர்வுகளைச் சாராத வழியில் போகிறது. ‘ஃபியூச்சர் ஸ்கூல்’ விருப்பமுள்ள மாணவர்களை வெளித் தேர்வுகளுக்கும் தயார் செய்கிறது. ஒரே ஊரில், ஒரே தத்துவத்தில் வளர்ந்தவர்களுக்கே இரண்டு பதில்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

சான்றிதழ் வேண்டாம் என்பது உயர்ந்த பதில்தான். ஆனால் அதைச் சொல்ல, பின்னால் ஒரு தாங்கும் சுவர் வேண்டும். ஆசிரமம் போன்ற ஒரு சமூகம், அல்லது சொத்து, அல்லது வெளிநாட்டுத் தொடர்பு. வலை இழுக்கும் குடும்பத்துக்கும் கூலிக்கு நாற்று நடும் குடும்பத்துக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வெறும் காகிதம் அல்ல. அது பாஸ்போர்ட்டுக்கும், ஐ.டி.ஐ சேர்க்கைக்கும், வேலைவாய்ப்புப் பதிவுக்கும் சாவி.

பதில் 2: கடைசி இரண்டு வருடம் பொதுத் தேர்வு

ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான பள்ளிகள் இந்த வழியைப் பிடித்தன. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி, 1973-ல் சென்னை அடையாறில் தொடங்கிய ‘தி ஸ்கூல்’, 2010-ல் செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கிய ‘பாடசாலா’ ஆகியவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒப்பிடுவதும் பரிசு கொடுப்பதும் பயமுறுத்துவதும் கற்றலைக் கெடுக்கும் என்பது அவற்றின் அடிப்படை. ஆனாலும் ரிஷி வேலியில் படிக்கும் பிள்ளை பத்தில் ஐ.சி.எஸ்.இ, பன்னிரண்டில் ஐ.எஸ்.சி தேர்வு எழுதித்தான் வெளியே வருகிறது. ஓட்டப்பந்தயத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் கடைசி நூறு மீட்டரை ஓடிக் கடந்துவிடுவோம் என்கிற சமரசம் இது. நடைமுறைக்கு ஏற்ற வழி. செலவுதான் எல்லோருக்கும் எட்டாது.

பதில் 3: திறந்தநிலைப் பள்ளி

சின்னப் பள்ளிகளும், வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோரும் அதிகம் நாடும் வழி இது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். 1979-ல் சி.பி.எஸ்.இ-யின் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 1989 நவம்பரில் தனி நிறுவனமானது. மத்திய அரசின் கீழ் இயங்கும் தேசிய வாரியம் இது. ஏதோ டுட்டோரியல் என்று நினைத்துவிடக் கூடாது.

14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது 5 பாடங்கள். அதில் ஒன்று மொழிப்பாடம். கணிதம், அறிவியலோடு மனையியல், ஓவியம், வணிகம், உளவியல், கணினியில் தரவு உள்ளிடுதல் போன்றவையும் பட்டியலில் உண்டு. தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவிகிதம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு 2 பொதுத் தேர்வுகள்.

இதில் முக்கியமானது என்னவென்றால், எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒரு பதிவு 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 வாய்ப்புகள். ஏப்ரலில் தமிழும் மனையியலும், அக்டோபரில் சமூக அறிவியல், அடுத்த ஏப்ரலில் கணிதம் என்று ஒவ்வொன்றாக முடிக்கலாம். முடித்த பாடம் கணக்கில் ஏறிவிடும். கணிதத்தில் தவறினால் மற்ற நான்கையும் திரும்பப் படிக்கும் கொடுமை இல்லை. அப்பாவோடு கடலுக்குப் போகிற பையனுக்கும், கல்யாணத்தால் படிப்பு நின்ற பெண்ணுக்கும், நாற்பது வயதில் பத்தாவது முடிக்க நினைக்கும் அம்மாவுக்கும் இதே கதவுதான்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முதலாவது, பாடத் தேர்வு. பத்தில் கணிதமும் அறிவியலும் எடுக்காமல் வெளியே வந்த பிள்ளை, பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டால் கிடைப்பது கடினம். எளிதான ஐந்தைப் பொறுக்குவதற்கு முன் பிள்ளை எங்கே போக ஆசைப்படுகிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். அரசு வேலை, குறிப்பிட்ட ஒரு கல்லூரி என்று இலக்கு இருந்தால், அந்தத் துறையின் தகுதி விதியை முதலிலேயே படித்துவிடுங்கள்.

இரண்டாவது, இடைத்தரகர்கள். ‘ஒரே மாசத்தில் பத்தாவது பாஸ், நாங்க பார்த்துக்கிறோம்’ என்று பேருந்து நிலையத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பதிவை நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாகச் செய்யலாம். அங்கீகரிக்கப்பட்ட கல்வி மையங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

பதில் 4: தனித்தேர்வர்

தமிழ்நாட்டில் பழைய, பலரும் மறந்துவிட்ட வழி ஒன்று உண்டு. பள்ளிக்கே போகாமல் படித்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பாடப்புத்தகம் தமிழில், மலிவாகக் கிடைக்கும். ஐந்து பாடத்தையும் சமாளிக்கத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு இது செலவு குறைந்த வழி. வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

விதியை எழுதுவது யார்?

தேர்வு மட்டுமா கொள்கை? சின்னப் பள்ளிக்கு இன்னொரு வசதி உண்டு. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவெடுக்கலாம். இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளி இதற்குப் பேர்போனது. ஏ.எஸ்.நீல் 1921-ல் தொடங்கிய உறைவிடப் பள்ளி அது. பள்ளிக் கூட்டத்தில் தலைமை ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, சிறு பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. வகுப்புக்கு வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம்.

1999-ல் அரசு ஆய்வாளர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் இருக்கலாம் என்பதையே குறையாக எழுதினார்கள். மாற்றாவிட்டால் பள்ளியை மூட வேண்டியிருக்கும் என்ற நிலை வந்தது. பள்ளி வழக்குப் போட்டது. 2000 மார்ச்சில் லண்டனில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அரசுத் தரப்பு இறங்கி வந்து சமரசம் பேசியது. அதை ஏற்பதா வேண்டாமா? பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். பள்ளி இன்றும் நடக்கிறது.

அந்தக் கூட்டத்தில் பேசிய பிள்ளைகள் அன்று எழுதியதை விடப் பெரிய தேர்வு உண்டா? ஆனால் அதற்கு மதிப்பெண் போட எந்த வாரியத்திடமும் தாள் இல்லை.

நம் ஊரில் எந்தச் சாதாரணப் பள்ளியும் இதில் ஒரு துளியைச் செய்து பார்க்கலாம். வகுப்பு விதிகளைப் பிள்ளைகளே பேசி எழுதட்டும். கழிப்பறைச் சுத்தம், மதிய உணவு வரிசை, விளையாட்டு மைதானம் யாருக்கு எப்போது என்று தொடங்கட்டும். காசு செலவில்லை.

யாருக்கான மாற்று?

இத்தனை பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. மாற்றுப் பள்ளி என்பது பெரும்பாலும் வசதியுள்ள, படித்த பெற்றோரின் தேடலாகவே இருக்கிறது. பள்ளி பிடிக்காமல் மாற்று தேடுவது ஒரு ரகம். பள்ளியே தன்னைப் பிடிக்காமல் வெளியே தள்ளிய பிள்ளைக்கு மாற்று தேடுவது இன்னொரு ரகம்.

இந்த இரண்டாவது ரகத்துக்கு உதாரணம் பார்க்க நாகப்பட்டினம் வரை போனால் போதும். 2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கடற்கரையில் யாரும் மறக்க முடியாது. காரைக்காலும் நாகையும் சேர்ந்து அழுத நாள் அது. அதற்கு அடுத்த ஆண்டு, எழுத்தாளர் பிரேமா ரேவதியின் முயற்சியில் நாகை அருகே ‘வானவில்’ என்ற பள்ளி தொடங்கியது. பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் ஆகிய நாடோடிச் சமூகங்களின் குழந்தைகளுக்கான பள்ளி அது.

ஊர் ஊராகப் போகும் குடும்பம். பள்ளியில் சேர்த்தாலும் ‘இதுங்க நிக்காது’ என்ற பேச்சு. பக்கத்துப் பெஞ்சில் உட்காரத் தயங்கும் பிள்ளைகள். சாதிச் சான்றிதழ் கேட்டு அலைகிற பெற்றோர். தமிழ்நாட்டில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமே 2023 ஜனவரியில்தான் வந்தது. இந்தக் குழந்தைகளுக்குத் ‘தேர்வு இல்லாத பள்ளி’ பெரிய விஷயம் அல்ல. ‘வெளியே அனுப்பாத பள்ளி’தான் பெரிய விஷயம். பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர், வயிறு நிறையச் சோறு, தன் சமூகத்தின் பாட்டையும் பேச்சையும் இழிவாகப் பார்க்காத வகுப்பறை. மாற்று என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருள் இருக்க முடியாது.

சின்னப் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு

‘நூறு பிள்ளை படிக்கிற பள்ளியால நாட்டுக்கு என்ன லாபம்?’ என்றும் கேட்பார்கள். பதில், முன்பு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படித்தவர்களின் நினைவிலேயே இருக்கிறது. கைக்கெட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகை, தட்டுகளில் அடுக்கிய அட்டைகள், சுவரில் கற்றல் ஏணி, தரையில் வட்டமாக உட்காருவது. அதுதான் செயல்வழிக் கற்றல். ரிஷி வேலியைச் சுற்றியிருந்த கிராமத்துச் சிறு பள்ளிகளில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்க உருவான அட்டைமுறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ் அதைத் தொடங்கி வைத்தார். 2007-08 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. அதில் குறைகள் சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஓர் ஓரத்துப் பள்ளியின் யோசனை பல லட்சம் பிள்ளைகளின் வகுப்பறையைத் தரைக்கு இறக்கியது என்பது நடந்த கதை.

திறந்தநிலைப் பள்ளியின் ‘ஆண்டுக்கு 2 தேர்வு’ யோசனையையும் பாருங்கள். 2026 முதல் சி.பி.எஸ்.இ-யும் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 2 முறை பொதுத் தேர்வு என்ற முறைக்கு வந்துவிட்டது. அதாவது, காரைக்கால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள அதே ஆண்டில் இன்னொரு வாய்ப்பு. நேற்று ‘மாற்று’ என்று ஒதுக்கியது இன்று நடுவீட்டுக்கு வந்திருக்கிறது.

சேர்க்கும் முன் கேளுங்கள்

உங்கள் பிள்ளைக்கு ஒரு சின்னப் பள்ளி பிடித்திருக்கிறதா? மரத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

• எந்த வகுப்பு வரை அங்கீகாரம்? ஆணையைப் பார்க்கலாமா?

• பத்தாவது எந்த வாரியத்தில், எந்த ஊர் மையத்தில்? இதுவரை எழுதிய பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்?

• நடுவில் வேறு பள்ளிக்கு மாற நேர்ந்தால் மாற்றுச் சான்றிதழ் கிடைக்குமா?

• கணிதமும் அறிவியலும் எட்டுக்கு மேல் யார் சொல்லித் தருகிறார்? அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? சின்னப் பள்ளியில் ஓர் ஆசிரியர் போனால் ஒரு பாடமே போய்விடும்.

• தமிழ் எப்படி? ‘சுதந்திரக் கல்வி’ ஆங்கிலத்தில் மட்டும்தானா?

• கட்டணம் எவ்வளவு? கட்ட முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள்?

• இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பள்ளியின் எல்லா விதிகளும் அதற்குள் இருக்கும்.

• கடைசியாக, பிள்ளையிடம் கேளுங்கள். ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பதில் சொல்கிற பள்ளி நல்ல பள்ளி. ‘எங்களை நம்புங்கள், எல்லாம் தானாக நடக்கும்’ என்கிற பள்ளியிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியானாலும் சரி, பத்துப் பேர் படிக்கும் பள்ளியானாலும் சரி.

மறுபடியும் கடற்கரைக்கு வருவோம். ‘பத்தாவது எங்கே எழுதுவான்?’ என்று அடுத்த முறை யாராவது கேட்டால், பேச்சை நிறுத்த வேண்டாம். வழிகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ‘அதுவரைக்கும் அவன் பயமில்லாமப் படிக்கணும், அதுக்கு என்ன வழி?’ என்று நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். சுண்டல் தீர்வதற்குள் அதற்கும் ஒரு பதில் கிடைக்காமலா போய்விடும்?